ரத்தத்தில் அமிலம் கூடினால் சிறுநீரகத்துக்கு எப்படித் தெரிகிறது?

காப்பிக்கடையில் ஒரு தட்டு கோழிச்சோறு. பக்கத்தில் ஒரு கிளாஸ் ஐஸ் லைம். இரண்டில் எது உங்கள் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும்?

எலுமிச்சை என்றுதான் பலர் சொல்வார்கள். உண்மையில் கோழிதான்!

இறைச்சிப் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. உடம்பு அதை உடைக்கும்போது சல்ஃபியூரிக் அமிலம் உருவாகிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ உடம்பில் எரிந்து, கரியமில வாயுவாக மூச்சோடு போய்விடும்.

வழக்கமான உணவு சாப்பிடும் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் இப்படி நாளுக்குச் சுமார் 70 மில்லிமோல் அமிலம் சேர்கிறது. இதை மூச்சில் விட முடியாது. சிறுநீரகம்தான் வெளியேற்றவேண்டும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்?

ரத்தத்தின் பி.எச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்கவேண்டும். எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்.

7.4 என்பது 7.1 ஆனால் என்ன, 0.3 தானே என்று தோன்றலாம். ஆனால் அதற்குள் ரத்தத்தில் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன. 6.8-க்குக் கீழே போனால் உயிர் பிழைப்பதே கடினம்.

அமிலம் கூடியதும் முதலில் உதவிக்கு வருவது நுரையீரல். சில நிமிடங்களிலேயே மூச்சு வேகமாகும். ஆனால் அதனால் கரியமில வாயுவை மட்டுமே வெளியே தள்ள முடியும். சிறுநீரகம் நிதானமாகத்தான் தொடங்கும். முழு வேகத்தை எட்ட அதற்குச் சில நாள்கள் ஆகும்.

சரி, சிறுநீரகத்துக்கு எப்படித் தெரியும்?

அங்கே பி.எச் பார்க்கும் மீட்டர் ஒன்று தனியாக இல்லை. மூளையும் உத்தரவு போடுவதில்லை. சிறுநீரகக் குழாய்களின் சுவரில் உள்ள உயிரணுக்கள் ஒவ்வொன்றும் தானே உணர்கின்றன.

ரத்தத்தில் அமிலம் கூடினால் அந்த உயிரணுக்களுக்கு உள்ளேயும் அமிலம் கூடுகிறது. அங்குள்ள சில புரதங்கள் அமிலத்தையும் பைகார்பனேட்டையும் கரியமில வாயுவையும் கவனித்தபடி இருக்கும். மாற்றம் தெரிந்ததும் அவை வேலையைத் தொடங்கிவிடும்.

அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகள் சில உயிரணுக்களுக்குள் தயாராக இருக்கும். தேவை வந்ததும் அவை உயிரணுவின் மேற்பரப்புக்கு நகர்ந்து, ஹைட்ரஜனைச் சிறுநீருக்குள் தள்ளும். ரத்தத்தில் காரம் கூடினால்? அதற்கும் வேறு வகை உயிரணுக்கள் இருக்கின்றன. அவை பைகார்பனேட்டை வெளியே விடும்.

இன்னொரு பக்கம், சிறுநீரகம் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் போகும் பைகார்பனேட்டை ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அமிலத்தைச் சமன்செய்யும் பொருளாயிற்றே, வீணாக விட்டால் எப்படி?

அப்படியே சிறுநீரில் விட்டுவிட முடியாதா?

முடியாது. சிறுநீரின் பி.எச் 4.5-க்குக் கீழே பொதுவாக இறங்காது. அந்த அளவில் அமிலத்தைத் தனியாகக் கரைத்து வெளியேற்ற, நாளுக்கு 2,000 லிட்டருக்கும் அதிகமான சிறுநீர் வேண்டியிருக்கும்!

அதனால் ஹைட்ரஜனுக்கு ஒரு துணை தேவை. ஒரு பகுதி பாஸ்பேட்டுடன் சேர்ந்து வெளியேறும். மீதிக்குச் சிறுநீரகமே அம்மோனியா தயாரிக்கிறது, குளுட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. அமிலம் கூடக் கூட அந்தத் தயாரிப்பும் சில நாள்களில் பல மடங்கு கூடும். இத்தனை கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதே இல்லை.

யாருக்குக் கவலை?

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு. நம்மூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணம் நீரிழிவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுநீரகம் பழுதடைந்தால் அம்மோனியாத் தயாரிப்பு குறையும். அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும்.

சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. தேங்கும் அமிலத்தைச் சமன்செய்ய உடம்பு எலும்பிலிருந்து காரத்தை எடுக்கும். தசையும் கரையும். சோர்வு, பலவீனம் எல்லாம் வரும்போது "வயசாகிடுச்சு, அதான்" என்று விட்டுவிடுகிறோம்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியேட்டினினோடு பைகார்பனேட் என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான அளவு லிட்டருக்குச் சுமார் 22 முதல் 28 மில்லிமோல். உங்களுக்குச் சிறுநீரக நோய் இருந்து, அந்த எண் 22-க்கும் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் அவர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பார். பழமும் காய்கறியும் அமிலத்தைக் குறைக்க உதவும். ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஏறும் ஆபத்து உண்டு. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உணவியல் நிபுணர் சொல்லட்டும்.

காரத் தண்ணீர் குடித்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு அது தேவையில்லை. கூடுதல் காரம் சிறுநீரில் போய்விடும். சமையல் சோடாவைக் கரைத்துக் குடிக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள சோடியம் ரத்த அழுத்தத்தைக் கூட்டி, காலில் வீக்கத்தையும் வரவழைக்கலாம்.