பின்லாந்தின் மகப்பேற்றுப் பெட்டி

பிள்ளை பிறக்குமுன் புதுத்துணி வாங்கும் வழக்கம் நான் அறிந்த வீடுகளில் இல்லை. பாட்டிமார் பழைய வேட்டியைத் துவைத்து, கிழித்து, மடித்து வைப்பர். அதுவும் ஓர் ஆயத்தமே. பழந்துணியும் இல்லாத வீடு என் செய்யும்?

பின்லாந்து நாட்டார் 1938ஆம் ஆண்டில் இதற்கு வழி கண்டனர். ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 65 ஓராண்டு நிறையுமுன் மாண்ட காலம் அது. வறிய தாய்மார்க்கு அரசு பணமாகவோ துணிகளடங்கிய பெட்டியாகவோ உதவிற்று. துணிகளை எடுத்தபின் பெட்டியே தொட்டிலாயிற்று. தூய படுக்கையிடமில்லாத குடில்களுக்கு இது பெரும்பேறன்றோ!

போர்க்காலத்தில் துணி அரிதாயிற்று. 1942 முதல் 1946 வரை குழந்தையைச் சுற்றும் துணிக்கும் தாயின் விரிப்புக்கும் ஈடாகக் காகிதம் வைத்தனர், பெட்டியை நிறுத்தினாரில்லை. தைப்பதற்கான துணி நீங்கி, முற்றிலும் தைத்த உடைகளே வந்தது 1957இல்தான்.

1949இல் செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லாத் தாய்மார்க்கும் இவ்வுதவி உரியதாயிற்று. ஆனால் கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவரையோ தாய்மை நிலையத்தையோ நாடியிருத்தல் வேண்டும் என விதித்தனர். பெட்டியினும் இந்நிபந்தனையே சிறந்ததென்பது என் துணிபு. பெட்டியை விரும்பி வந்த தாய், முதலில் மருத்துவரைக் கண்டாள்.