மூன்றாம் நாள் கைங்கரியம்

பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் ஜெலுத்தோங், பால் வடியும் ஒரு நெடுமரத்தின் பெயரைத் தாங்கிய வட்டாரம். அம்மரத்தின் பாலைச் சூயிங்கம் செய்வதற்காக மேல்நாட்டார் ஒரு காலத்தில் விரும்பி வாங்கினார்கள். அரசியல் அறிந்தவர்களுக்கு, 1978 முதல் 1999 வரை கர்ப்பால் சிங்கைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி என்று சொன்னால் உடனே விளங்கும். தைப்பூச ரதம் செல்லும் பாதையில் இவ்வூர் இல்லை. ஆயினும் ரதம் ஊருக்கு வராத குறையைப் பிள்ளைகள் ரதத்தைத் தேடிச் சென்று தீர்த்துக்கொள்வது பினாங்கின் வழக்கம். ஜெலுத்தோங் போன்ற வட்டாரங்களிலிருந்து பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களும் பெண்களும் அண்ணன்மாரின் பின்னே புறப்பட்டு, தண்ணீர்ப் பந்தல்களில் தொண்டு செய்துவிட்டு, உடம்பெல்லாம் புகையும் ரோஜாச் சிராப்பும் மணக்க வீடு திரும்புகிறார்கள். அத்தொண்டின் இறுதி நாளைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். முதல் நாளைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள்.

தண்ணீர்ப் பந்தல் நம்மவர் கடல் கடந்து வந்த பிறகு கண்டுபிடித்த புதுமை அன்று. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் திருநாமத்தைத் தம் மக்களுக்கு இட்டதோடு அமையாமல், தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரையே சூட்டினார் என்பதைப் பெரிய புராணம் கூறுகிறது. சோழர் காலத்துச் சாசனங்களோ இன்னும் ஒரு படி மேலே போய், பந்தலுக்கு நிலம் விட்டவரின் பெயரோடு நில்லாமல், தண்ணீர் கொண்டுவருபவனுக்கு இவ்வளவு, கலம் வனைந்து தரும் குயவனுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கல்லில் வெட்டி வைத்தன. தர்மம் செய்தவனை மட்டுமன்றித் தர்மம் நடைபெறக் கை கொடுத்தவனையும் கணக்கில் சேர்த்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பினாங்கில் இவ்வழக்கம் வேரூன்றியதற்கு நகரத்தாரின் முருக பக்தி ஒரு முக்கிய காரணம். வட்டித் தொழில் நடத்த வந்த அவர்கள் 1850-களில் நீர்வீழ்ச்சிச் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். 1894-இல் வெள்ளி ரதம் ஒன்றைத் தாய்நாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து மாடுகள் இழுக்கப் புறப்படும் ரதம், வழியெல்லாம் நின்று நின்று அர்ச்சனை ஏற்று, இரவில்தான் கோயிலை அடையும். தமிழர் மட்டுமா? கடை வாசலில் தேங்காயை மலையாகக் குவித்து வைத்துக் காத்திருக்கும் சீனக் குடும்பங்களும் உண்டு. இரண்டாம் நாள் காவடிகளின் நாள். 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி அருகிலுள்ள மலைக்கோயிலை அடைவார்கள் பக்தர்கள். மூன்றாம் நாள் மாலை ரதம் கோயில் வீட்டை நோக்கித் திரும்பும். 2017 முதல் மலைக்கோயிலின் தங்க ரதமும் பவனியில் சேர்ந்துகொண்டது.

அணி சேர்ந்து தொண்டு செய்யும் பழக்கத்துக்குக் கோயிலுக்கு வெளியேயும் ஒரு பூர்வீகம் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசியபின் வெள்ளைக்கார அதிகாரிகள் இரவோடிரவாகத் தீவை விட்டகன்றபோது, பத்திரிகாசிரியர் சரவணமுத்துவின் தலைமையில் அமைந்த ஒரு குழு, ஜப்பானியர் 19-ஆம் தேதி வந்து சேரும்வரை நகரத்தைக் கட்டிக் காத்தது. யுத்தம் முடிந்ததும், எதிர்க்கரையில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் திரண்டு, 1947-இல் போலீசாரின் தடியடியையும் துப்பாக்கியையும் எதிர்கொண்டது. பின்னர் ஐம்பதுகளில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு வளர்த்த மாணவர் மணிமன்றம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதையும் கட்டுரையும் எழுதக் கற்றுக் கொடுத்ததோடு, கூடிச் செயலாற்றவும் பழக்கியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தோன்றியபின் தொழிற்சாலை ஊழியர்களும் பந்தல் போடலானார்கள்; பந்தல்கள் பெருத்தன, ஒலிபெருக்கிகளும் பெருத்தன. பின்னதைப் பற்றி என் அபிப்பிராயம் நல்லதன்று.

இனி இறுதி நாளுக்கு வருவோம். முதல் இரண்டு நாட்களும் உற்சாகத்துக்குக் குறைவிராது: ‘தம்பி, இங்கே இன்னும் ரெண்டு மோர்’ என்று கூட்டம் கை நீட்ட, பிள்ளைகள் பம்பரமாய்ச் சுழல்வார்கள், புகைப்படக்காரர்களும் அப்போதுதான் வருவார்கள். மூன்றாம் நாளிலோ கூட்டம் கரைந்துவிடும். வெயிலேற ஏற, உடைந்த தேங்காய்களின் நீர் புளித்துச் சாலையோரமெங்கும் ஒரு வாடை எழும். மாநகர் மன்றத்தின் மண்வாரி இயந்திரங்கள் தேங்காய்ச் சில்லுகளைக் குவியல் குவியலாகத் தள்ளிச் செல்லும். பந்தலுக்குள் அண்டாக்களின் அடியில் தீய்ந்து ஒட்டிய சோற்றை ஊறவைத்து, தேங்காய் நாரால் ஒருவன் தேய்ப்பான். சிராப் படிந்து சிவந்த விரல்களோடு ஒருத்தி காகிதக் கோப்பைகளைப் பொறுக்கிப் பையில் திணிப்பாள். கானோப்பியின் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் கத்தியை எடுக்கும் சிறுவனை, ‘அறுக்காதேடா, அடுத்த வருஷத்துக்கும் இதுதான் கயிறு’ என்று பெரியவர் தடுப்பார். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை எண்ணி லாரியில் ஏற்றியபின், மிச்சமிருக்கும் தயிர்ச்சோற்றை எல்லோரும் நின்றபடியே பகிர்ந்துண்பார்கள். அன்று மாலை ரதம் திரும்பும்போது கொடுப்பதற்கென்று ஓர் அண்டா மோரை மட்டும் ஒதுக்கி வைக்கும் பந்தல்களும் உண்டு. அவையே என் மதிப்பில் உத்தமமானவை.

இந்நாளின் வேலைக்குக் கைதட்டல் கிடையாது; வந்த பிள்ளைகளுள் சிலர் முந்தைய நாளே களைத்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆதலால் மூன்றாம் நாள் எஞ்சி நிற்பவர்களே உண்மையில் அப்பந்தலின் தொண்டர்கள் என்பேன். இதில் ஜெலுத்தோங்கிற்கு ஒரு தனி நியாயமும் உண்டு. நகரத்தின் குப்பையைத் தன் கடற்கரையில் நெடுங்காலம் சுமந்த வட்டாரம் அது. 2022 ஜூன் மாதத்தில் அக்குப்பைமேடு பற்றியெரிந்து நாட்கணக்காகப் புகை கக்கியதை அங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். திருவிழா முடிந்தபின் மிஞ்சுவது எங்கே போகும் என்பதை அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

நம் சங்கங்கள் வெளியிடும் விழா மலர்களைப் புரட்டினால், நன்கொடையாளர் படங்களும் தலைவர்களின் வாழ்த்துரைகளும் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கின்றன. சோழர் காலத்துக் கல்லில் குயவனுக்குக் கிடைத்த இடம் இந்தக் காகிதத்தில் அண்டா தேய்த்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. மலர் வெளியிடும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: அடுத்த பூசத்தின் மூன்றாம் நாள் மாலையில், லாரி புறப்படுமுன் பந்தலில் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், மலரில் ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.