லயத்துக் கூரையும் வாடகை வீடும்

பூண்டுலோயாவை அடுத்த டன்சினன் தோட்டம், சேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் வரும் குன்றின் பெயரைத் தாங்கியது. துரைமார் தம் நாட்டு மலைகளின் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டினர். அம்மலைகளில் கொழுந்து பறித்தவர்களுக்கோ செக்குரோலில் ஓர் எண் கிடைத்தது. 2018 ஆகஸ்ட் 12ஆம் நாள், இதே டன்சினனில் இந்திய அரசின் உதவியால் கட்டப்பட்ட 404 வீடுகள் தோட்ட மக்களிடம் கையளிக்கப்பட்டன. மகாத்மா காந்தி புரம் என்று அக்குடியிருப்புக்குப் பெயர்.

அதன் அருகிலேயே, ஆரவாரமின்றி இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துவருகிறது. லயத்தில் பிறந்து ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ ஆனவர், வெளிநாடு சென்று உழைத்துத் திரும்பியவர், கடைவீதியில் சிறு கடை வைத்தவர் என்று சிலர் சொந்தமாக வீடு கட்டி, அதில் ஓர் அறையை வாடகைக்கு விடுகின்றனர். குடும்ப வரலாற்றிலேயே முதன்முறையாக ஒருவர் வீட்டுக்காரர் ஆகிறார். இதைச் சாதாரணச் செய்தி என்று ஒதுக்குபவர் லயத்தின் வரலாற்றை அறியாதவர்.

10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பரா, முன்னே சிறிய இஸ்தோப்பு, நீருக்குப் பீலிக்கரை. அதற்கு வாடகை கிடையாது. 'இலவச வீடு' என்று தோட்ட நிருவாகங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. ஆனால் வாடகை இல்லாத இடத்தில் வாடகைக்காரர் என்ற உரிமையும் இல்லை. பெரட்டுக்குப் பெயர் உள்ளவரைதான் காம்பராவில் இடம். வேலைநிறுத்தம் செய்தவர் கூலியை மட்டும் இழக்கவில்லை. குழந்தைகளின் தலைக்குமேல் இருந்த கூரையையும் பணயம் வைத்தார்.

இது இலங்கைத் துரைமார் கண்டுபிடித்த தந்திரமன்று. 1844இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து, டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சுரங்க முதலாளிகள் அவர்களைக் குடும்பத்தோடு வீடுகளிலிருந்து வெளியேற்றினர். மறு ஆண்டு வெளிவந்த தம் நூலில் எங்கெல்ஸ் இக்கொடுமையைப் பதிவு செய்தார். 1872இல் 'வீட்டுப் பிரச்சினை' பற்றி எழுதியபோது, வீட்டுக்காரர் - குடியிருப்பவர் உறவு வேறு, முதலாளி - தொழிலாளி உறவு வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முன்னது ஒரு சாதாரணக் கொடுக்கல் வாங்கலே என்பது அவர் கருத்து. அந்த இரண்டையும் ஒரே கையில் சேர்த்து முடிந்ததுதான் லயம்.

வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்த பின்னும் காம்பராவில் தங்கியிருந்தவர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போடுவது ஒரு காலத்தின் வழக்கம். அத்தகைய வழக்கொன்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் 'செல்வநாயகம் எதிர் மன்னர்' என்ற அவ்வழக்கில், தமக்கு உரிமை உண்டு என்று மெய்யாகவே நம்பித் தங்கியிருப்பவரை, அது பிறர்க்குத் தொல்லை தருகிறது என்பதற்காக மட்டும் குற்றவாளியாக்க இயலாது என்று தீர்ப்பாயிற்று. அது சிறையிலிருந்து காத்த தீர்ப்பு. கூரைக்கு உரிமை தந்த தீர்ப்பன்று. அதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது.

அதே 1948இல், வாடகைக்காரரைக் காக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது என்பது வரலாற்றின் கசப்பான முரண். 1972இல் புதிய வாடகைச் சட்டமும் 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் தொடர்ந்தன. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பீட்டர் கெனமன். வரம்புக்கு மேற்பட்ட வீடுகளில் வாடகைக்கு இருந்தோர் பலர் அவற்றுக்கே உரிமையாளராயினர். போற்றத்தக்க சட்டம் அது. ஆனால் லயத்தில் இருந்தவர் சட்டத்தின் கண்ணில் வாடகைக்காரரே அல்லர். ஆகவே அந்த வாசல் அவருக்குத் திறக்கவில்லை. 1975இல் பெருந்தோட்டக் கம்பனிகள் அரசுடைமையாயின. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், காம்பரா மாறவில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணிபுரியத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டதுகூட 2018இல்தான்.

இவ்வளவு நெடிய பாதையைக் கடந்துதான் ஒருவர் பூண்டுலோயாவில் கதவொன்றைப் பூட்டி, அதன் சாவியை இன்னொருவர் கையில் கொடுக்கிறார். அந்தச் சாவியோடு எதைக் கொடுக்கப்போகிறார் என்பதே நம் கேள்வி.

1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாக வாடகைக்கு விடும் வீடுகள்மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டது. ஆகவே சட்டம் விட்ட இடத்தை மனச்சாட்சி நிரப்பவேண்டும். கூலியும் வீடும் ஒரே கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை அறிந்தவர், தம் கடையில் வேலை செய்யும் பையனுக்கே அறையையும் கொடுத்து, வாடகையைச் சம்பளத்தில் கழிக்கும்முன் ஒருகணம் சிந்திக்கட்டும். எழுத்து மூலம் ஒப்பந்தம், மாதந்தோறும் பற்றுச்சீட்டு, முற்பணத்துக்குக் கணக்கு, வெளியேறச் சொல்வதற்கு முன் போதிய கால அவகாசம். இவை வாடகைக்காரரை மட்டுமல்ல, கடன்பட்டு வீடு கட்டிய அந்த எளிய வீட்டுக்காரரையும் காக்கும். வாய்ச்சொல் என்றும் வலியவன் பக்கமே சாயும் என்பது துண்டு முறைக் காலத்திலிருந்து நாம் கற்ற பாடம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் வந்து நிற்பவரிடம் "எந்தத் தோட்டம்? என்ன சாதி?" என்று கேட்கும் நாவை அவர் அடக்கவேண்டும். நகரங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தலைகுனிந்து திரும்பியவர்கள் நம் தந்தையரும் தமையன்மாருமே.

வாடகை வாங்குவது பாவமன்று. உழைத்துக் கட்டிய சுவருக்கு நியாயமான ஊதியம் பெறலாம். ஆனால் அந்தச் சுவருக்குள் வாழும் மனிதரின் குரலையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துவிட்டதாக நினைக்கும் நாளில், வீட்டுக்காரர் மறைந்து துரை தோன்றுவார். லயத்திலிருந்து வெளிவந்தவர் கட்டும் வீட்டில், லயம் மறுபடியும் குடியேறலாகாது.