எந்தப் பிரதி புதுசு?

ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இருந்தால், எது புதுசு எண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் எல்லாரும் கோப்பில் பதிந்திருக்கும் நேரத்தைத்தான் பார்க்கிறோம். பிந்தியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவோம். அழிந்ததில் யாரோ ஒருவருடைய ஒருநாள் வேலை இருந்திருக்கலாம்.

1975 இல், ஆர்பாநெட் காலத்தில், போல் ஜோன்சனும் ரொபர்ட் தோமஸும் எழுதிய குறிப்பும் இதே வழியைத்தான் சொன்னது. ஒரு தரவுத்தளத்தின் பிரதிகள் பல கணினிகளில் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்தோடும் நேரத்தைப் பதியுங்கள். பிந்திய நேரம் வெல்லும். அதை வாசித்த லெஸ்லி லம்போர்ட்டுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது. ஒரு கணினியின் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தி ஓடுது எண்டு வையுங்கோ. முதல் மாற்றத்தைப் பார்த்துவிட்டே அதில் திருத்தினவரின் வேலைகூடப் 'பழசு' ஆகிவிடும். கடிகாரம் இல்லாமல் வெறும் எண்களாலேயே வரிசைப்படுத்தலாம் எண்டு 1978 இல் வந்த அவருடைய கட்டுரை காட்டியது: ஒவ்வொரு செய்தியும் ஒரு எண்ணோடு போகும், பெறும் கணினி தன் எண்ணை அதற்கு மேலே கூட்டிக்கொள்ளும்.

கடிகாரத்தில் பிழையே இல்லாமலும் இது நடக்கும். 2006 ஏப்ரல் 15 அதிகாலை இலங்கையில் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். (புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தள்ளத் தேவையிருக்கவில்லை, 1996 இல் மாத்தின நேரத்தை அவர்கள் ஏற்கவே இல்லை.) பென்டிரைவ்களில் இருக்கும் 'ஃபாட்' கோப்புமுறை உள்ளூர் நேரத்தைத்தான் பதியும். அந்த அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்ததால், பிறகு சேமித்தது முன்னம் சேமித்ததுபோலக் காட்டும்.

அப்ப எல்லாக் கடிகாரத்தையும் உலக நேரத்தில் ஒண்டாக ஓடவிட்டால் சரிதானே? 1985 இல் டேவிட் மில்ஸ் அதற்கான இணைய நெறிமுறையைத் தந்தார். ஆனால், ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்காமல் இருவரும் திருத்தினால் அதுவும் உதவாது. லம்போர்ட்டின் எண்ணும் அங்கே ஒன்றை முன்னுக்கு வைத்துவிடும், முரண்பாட்டைச் சொல்லாது.

அதைச் சொன்னது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவான லோகஸ். 1983 இல் வெளிவந்த அதன் முறையில், எந்தக் கணினியில் எத்தனை தரம் திருத்தப்பட்டது எண்டு பிரதியே கணக்கு வைத்திருக்கும். ஒன்றில் 3, 2. மற்றதில் 2, 3 எண்டால் எதுவும் புதுசில்லை. இரண்டையும் மனிசர்தான் பார்த்துச் சேர்க்கவேணும்.

கரைச்சல்தான். எண்டாலும், கேட்காமல் அழிப்பதைவிடக் கேட்கிற இயந்திரம் மேல் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். 2007 இல் அமேசன் விவரித்த டைனமோவும் இதே கணக்கைத்தான் வைத்திருந்தது. முரண்பட்ட இரண்டு வாங்கற்கூடைகளை அது ஒண்டாகச் சேர்த்துவிடும். நீக்கின சாமான் சிலவேளை திரும்ப வந்து நிற்கும், போட்ட சாமான் தொலையாது.