ஊர் திரும்பிய நீர்வழி
(பக்கிங்காம் கால்வாயின் வரலாறு)

மனிதன் ஊர் விட்டு ஊர் சென்று பிழைக்கத் தொடங்கிய நாள் முதல், ஊர் திரும்பும் வழியொன்றும் அவன் நினைவில் குடியிருந்து வருகிறது. நம் காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வழி இருப்புப்பாதையே. ஆண்டுக்கு ஒருமுறை முன்பதிவு செய்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஓரிரு இரவுகளை வண்டியிலே கழித்து நாம் ஊர் போய்ச் சேருகிறோம். ஆனால் அந்த இருப்புப்பாதைக்கு முன்பும், அது வந்த பின்பும் நெடுங்காலம், சோழமண்டலக் கரையோரமாய் மற்றொரு வழி குடும்பங்களை ஊருக்குக் கொண்டு சேர்த்தது. அதுவே பக்கிங்காம் கால்வாய். ரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் புரியும் நான், ரயிலுக்கு மூத்த அந்த வழியைப் பற்றி நம் ஆண்டு மலரில் சில சொற்கள் எழுதுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

வழியின் தோற்றம்

சென்னைப் பட்டணத்திற்குத் தொடக்கத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்குகளும் மனிதர்களும் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளுக்கு அஞ்சி அஞ்சியே கரை சேர வேண்டும். புயற்காலத்தில் அதுவும் நின்றுவிடும். வளர்ந்து வந்த பட்டணத்திற்கோ விறகு வேண்டும், உப்பு வேண்டும், அரிசி வேண்டும், வீடு கட்டச் சுண்ணாம்புக் கிளிஞ்சல் வேண்டும். கடலுக்கு இணையாக, கடலின் சீற்றம் எட்டாத ஒரு நீர்வழி இருந்தால் நலம் என்ற எண்ணம் இத்தேவையிலிருந்தே பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்னும் வர்த்தகர் பட்டணத்திலிருந்து வடக்கே எண்ணூர் வரை, சுமார் 11 மைல் தூரத்திற்குக் கால்வாய் வெட்டும் பணியைத் தொடங்கினார். காக்ரேன் கால்வாய் என்றே அது வழங்கிற்று. 1837இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு, மேலும் வடக்கே நீண்டது. தெற்கேயும் அடையாற்றிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வழியாகத் தனியொரு கால்வாய் வளர்ந்தது. இயற்கையாகவே கரையோரம் அமைந்திருந்த உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்து வெட்டியதால் வேலை எளிதாயிற்று. ஆறுகள் கடலோடு கலக்குமிடங்களில் நீர் ஏறி இறங்கும் ஆதலால், அங்கெல்லாம் இரட்டைக் கதவுகள் கொண்ட மதகுகளை அமைத்தார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைத்து, நீர்மட்டத்தைச் சமன் செய்து, முன்கதவைத் திறந்து விடுவார்கள்.

எனினும் ஒரு குறை இருந்தது. வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் பட்டணத்திற்குள் ஒன்று சேரவில்லை. கூவத்திற்கும் அடையாற்றுக்கும் இடையே ஏறத்தாழ 5 மைல் தூரம் வெட்டப்படாமலே கிடந்தது.

தாது வருஷத்து மண்

அந்த 5 மைலை இணைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் கூறுவர். மழை பொய்த்தது, தானிய விலை ஏறிற்று, கிராமங்கள் காலியாயின. மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்துக்கும் மேல் என மதிப்பிடுவோர் உண்டு. கஞ்சித் தொட்டிகளையும் கூலி வேலையையும் நாடி மக்கள் சாரை சாரையாகப் பட்டணத்திற்கு நடந்து வந்தார்கள்.

அக்காலத்தில் சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. வந்து குவிந்த மக்களுக்குப் பஞ்ச நிவாரண வேலையாக, 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. நிவாரணக் கூலி எவ்வளவு என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள் என்பவர் வகுத்த திட்டப்படி, நாள் முழுதும் உழைக்கும் ஆடவர் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே கூலி. பெண்டிருக்கும் சிறுவருக்கும் அதினும் குறைவு. உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அதன் பிறகே கூலி சிறிது உயர்த்தப்பட்டது.

1878இல் கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. மண் வெட்டியவர், கூடை சுமந்தவர் ஆகியோரின் பெயர்கள் அவரவர் குடும்பத்தார் சொல்லி வந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

படகில் ஊர் திரும்பிய காலம்

கால்வாய் முழுமையடைந்தபோது, கிருஷ்ணா டெல்டாக் கால்வாய்களோடு இணையும் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளம் பெற்றது. இன்றைய எல்லைப்படி 257 கிலோமீட்டர் ஆந்திரத்திலும் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் அடங்கும். அதற்கு வடக்கேயுள்ள கால்வாய்களையும் சேர்த்தால் காக்கிநாடாவிலிருந்தே படகேறித் தெற்கே வரலாம்.

எங்கள் குடும்பத்தின் பூர்விகம் மரக்காணம். என் பாட்டியின் தந்தை சென்னையில் ஒரு விறகுத் தொட்டியில் கணக்கு எழுதி வந்தார். திண்டிவனம் வரை ரயிலேறிச் சென்று, அங்கிருந்து வண்டி பிடித்து ஊர் போகலாம். ஆனால் சாமான்களோடு ஐந்தாறு பேர் செல்ல அது செலவு மிக்கது. ஆகவே 1930களில் பொங்கல் தோறும், பட்டணத்தில் உப்பு மூட்டைகளை இறக்கிவிட்டு வெறுமனே தெற்கே திரும்பும் படகில், தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் இடம் பேசிக் குடும்பத்தோடு புறப்படுவாராம். பாட்டி இதைப் பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூரையின்கீழ் பெண்டிரும் பிள்ளைகளும் அமர்வார்கள். ஒரு பலகையில் மணல் பரப்பி, அதன்மேல் மண்ணடுப்பு வைத்துச் சமையல். சுற்றிலும் நீர் இருந்தும் அது உப்பு நீராதலால், குடிப்பதற்குக் குடங்களில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். தை மாதத்தில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். ஆகையால் தெற்கே போகும் படகுக்குப் பாய் விரித்தால் போதும். காற்று ஓய்ந்தால் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். அல்லது கழி ஊன்றித் தள்ளுவார்கள். அப்போது கரையில் நடப்பவன் வேகமே படகின் வேகம். இரவில் கடலோசை கேட்கும். கடல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. மாமல்லபுரத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் கடந்து, பாலாற்று முகத்தைத் தாண்டி, இரண்டு இரவும் இரண்டு பகலும் சென்றபின் மரக்காணத்து உப்பளங்களின் வெண்மை தென்படுமாம்.

இப்பயணத்தில் பாட்டி மறவாத இடம் ஒன்றுண்டு. கூவத்தைக் கடந்து திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கமாகப் படகு செல்லும்போது, அவருடைய தந்தை பேச்சை நிறுத்தி, கால்வாய் நீரைக் கையால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வாராம். தாது வருஷத்தில் மரக்காணத்திலிருந்து பெற்றோருடன் நடந்தே பட்டணம் வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், அந்த இடத்தில்தான் கூடை சுமந்தான். அச்சிறுவனே அவருடைய தகப்பனார். அவரோடு வந்த தங்கை ஊர் திரும்பவில்லை. பசிக்குப் பயந்து நடந்து வந்த வழியிலேயே, அவருடைய மகன் பேரப்பிள்ளைகளைப் படகிலேற்றிப் பொங்கலுக்கு அழைத்துச் சென்றார்.

இருப்புப்பாதையும் கால்வாயும்

தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1899இல் சென்னைக்கும் பெஜவாடாவுக்கும் இடையே இருப்புப்பாதை இணைந்தபின், கால்வாய்க்கு ஏறக்குறைய இணையாகவே வண்டிகள் ஓடலாயின. அவசரமுள்ள பயணிகள் ரயிலுக்கு மாறினார்கள். விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகிலேயே தங்கின. பின்னர் லாரிகள் வந்து அவற்றையும் கொண்டு சென்றன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. தூர்ந்த இடங்களைத் தூர்வாரிப் பழுது பார்க்கும் ஊக்கம் குன்றவே, படகுப் போக்குவரத்து சிறுகச் சிறுக மறைந்தது.

பட்டணத்திற்குள் கால்வாய் கழிவுநீர் ஓடையாயிற்று. 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் அது மயிலாப்பூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. அதன் தூண்களில் பல கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டவை. பஞ்சத்தில் வாடியோர் மண் சுமந்த அதே இடத்தில் எங்கள் துறையின் தூண்கள் நிற்கின்றன. ரயில் வேண்டாம் என்று நான் கூறேன். லட்சக்கணக்கானோர்க்கு அது பயன்படுகிறது. ஆயினும் ஒரு வழியை அமைக்க மற்றொரு வழியை நெரிக்க வேண்டுமா என்பது எண்ணத்தக்கது.

ஏனெனில் கால்வாய் தன் கடமையை இன்னமும் மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, கரையோரத்தில் பல இடங்களில் அது அலையின் நீரை உள்வாங்கி, அப்பாலுள்ள ஊர்களுக்கு நேரவிருந்த சேதத்தைக் குறைத்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவின் வழியாகத் தெற்குக் கால்வாயில் சேர்ந்தே கோவளத்துக் கழிமுகத்தை அடைகிறது. கால்வாய் குறுகினால் வீடுகளில் வெள்ளம் புகும் என்பதைச் சென்னைவாசிகள் அனுபவத்தில் அறிவர். 2008இல் இக்கால்வாயையும் கோதாவரி, கிருஷ்ணா நீர்வழிகளையும் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழியாக அறிவித்தார்கள். ஆயினும் மரக்காணத்துக்குப் போகும் படகு சென்னையிலிருந்து மீண்டும் புறப்படவில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சென்ட்ரலை நெருங்கும் வண்டி பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் தயங்கி நிற்பதை நாம் அனைவரும் அறிவோம். அப்பெயரிலுள்ள ‘பேசின்’, கால்வாய்ப் படகுகள் தங்குவதற்காக அங்கே அமைந்திருந்த நீர்த்துறையையே குறிக்கும். இவ்வாண்டு விடுமுறைக்குச் செல்லும்போது, மூட்டைகளைக் கீழே இறக்கி வைக்கும் அந்தச் சில நிமிடங்களில், பிள்ளைகளுக்கு அப்பெயரின் காரணத்தைச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

அத்துடன், உங்கள் முன்னோர் எவ்வழியே, எக்காரணத்தால் ஊர் விட்டு வந்தனர், எப்படி ஊர் திரும்பினர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு பக்கம் போதும். அடுத்த ஆண்டு மலரில் அவை இடம் பெறுமாயின், சங்கத்திற்கும் நம் சந்ததியாருக்கும் அது நல்லதோர் ஆவணமாகும்.