பெயருக்குப் பின் வந்த ஏரி

உதகம் என்றால் நீர். மண்டலம் என்றால் வட்டாரம். ஏரிக்கரையில் அமைந்த மலையூருக்கு உதகமண்டலம் என்ற பெயர் இயல்பாகவே பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் காலவரிசை இதற்கு இடங்கொடுப்பதில்லை. 'மண்ட்' என முடியும் இவ்வூர்ப் பெயர் 1821இலேயே ஆங்கிலேயர் எழுத்தில் பதிவாகிவிட்டது. ஏரியோ கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து 1823-25 ஆண்டுகளில் அமைத்தது. ஜெர்மனியின் கருங்காட்டிலுள்ள டிட்டிசே ஏரியைப் போலப் பனியாறு குடைந்ததன்று.

அந்த 'மண்ட்', தோடர் குடியிருப்பைக் குறிக்கும் மந்து. தமிழின் மன்று, மந்தை ஆகியவற்றோடு உறவுடைய சொல். முதற்பகுதியை 'ஒற்றைக்கல்' எனக் கொள்வாரும் உளர். அதில் கருத்து வேறுபாடு உண்டு. ஈற்றுச் சொல்லில் ஐயத்துக்கு இடமில்லை.

பின்னாளில் ஏரியின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுக் குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் எழுந்தன. நீர்ப்பரப்பு சுருங்கியது, நீரைக் கொண்டு பெயரை விளக்கும் வழக்கு மட்டும் நிலைத்தது. அவ்விளக்கத்தை ஏற்கும்போதெல்லாம், ஏரிக்கு முன்பே அங்கு எருமை மேய்த்து வாழ்ந்த தோடரை அவர்களுடைய ஊரின் பெயரிலிருந்தே நீக்கிவிடுகிறோம். ஊர்ப்பெயராய்வில் ஒலியொப்புமையை நாடுமுன் ஆண்டைப் பார்ப்பது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நேர்மை.