டிஸ்போசலில் போகாத சைடிங்

ஸ்காட்லாந்து எல்லையில் உள்ள கிரெட்னாவில், முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு ஒரு பெரிய கார்டைட் வெடிமருந்து ஆலையைக் கட்டியது. ஆலைக்குள் மட்டும் சுமார் 200 கிலோமீட்டர் ரயில்பாதை. போர் முடிந்தபின், 1920களில், நிலம், வீடு, தண்டவாளம் என்று எல்லாமே விலைபோனது.

திருவள்ளூர் வட்டாரத்தில் அப்படி எல்லாமே விலைபோகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆவடி ராணுவத் தளமானது. சோழவரத்தில் விமான ஓடுதளம் போட்டார்கள். செங்குன்றம் ஏரியில் கேட்டலினா விமானங்கள் தண்ணீரிலேயே இறங்கின.

போர் முடிந்ததும் ராணுவ லாரியும் ஜீப்பும் கூடாரத் துணியும் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்று ஏலத்துக்கு வந்தன. லாரி வாங்கியவர்கள் சரக்கு ஏற்றினார்கள். சிலர் பாடி கட்டி பஸ்ஸாகவே ஓட்டினார்கள். ஓடுதளத்தை யார் தூக்கிக்கொண்டு போவது?

சோழவரத்துக்கு வந்தவர்கள் கார் பிரியர்கள். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ‘டி’ வடிவில் கிடந்த அந்த ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. விமானம் எழும்புவதற்காகப் போட்ட நீண்ட நேர்ப்பாதை. ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்க அதைவிட வாகான இடம் ஏது? கோவை கரிவரதனும், எண்பதுகளில் என்சைன் ஃபார்முலா காரோடு வந்த விஜய் மல்லையாவும் ஓட்டியது இங்கேதான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறக்கும்வரை, இந்தியப் பந்தயத்துக்குச் சோழவரம்தான் தலைநகர் என்றால் மிகையில்லை.

ஆவடி ராணுவத்திடமே இருந்தது. 1965இல் அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது.

பக்கத்தில் பட்டாபிராமில், ராணுவக் கிடங்குகளுக்காகப் பிரியும் கிளைப்பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது. சென்ட்ரலில் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று அறிவித்தால் டிபன் பாக்ஸும் கையுமாக ஏறுகிறவர்களில் சிப்பாயைத் தேட வேண்டும். இந்தப் பாதை சி.டி.எச். எனப்படும் சென்னை–திருவள்ளூர் சாலையைக் குறுக்கே வெட்டுவதால் கேட் மூடினாலே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். கடைசியில் மேம்பாலம்தான் கட்ட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பூங்காவும் திறந்தாயிற்று. ஐ.டி. வேலைக்கு ரயிலில் வருகிறவர்கள் சைடிங் வண்டியா, திருவள்ளூர் வண்டியா என்று பார்த்து ஏறுகிறார்கள்.